டிராஃப்ட்ல வந்த புது பசங்களை எப்டி எடை போடறது

ஏப்ரல் கடைசியில என்எஃப்எல் டிராஃப்ட் மூணு நாள் நடக்கும், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்கறது, ஒவ்வொரு முறைக்கும் பேரு பிக். முடிஞ்ச மறுநாள் காலையிலேயே 32 டீமுக்கும் ஏ, பி, சின்னு ஆளாளுக்கு கிரேடு போட்டு எறக்கிடுவாங்க. அதைப் பாத்து துள்ளிக் குதிக்கவும் வேண்டாம், சோறு தண்ணி இறங்காம உக்காரவும் வேண்டாம். 2012ல சியாட்டில் சீஹாக்ஸுக்கு அன்னைக்கு பல பேர் போட்ட கிரேடு படுமோசம். புரூஸ் இர்வினை 15ஆவது பிக்ல எடுத்தது ரொம்ப ஓவர்னு திட்டினாங்க, மூணாவது ரவுண்டுல 75ஆவதா உயரம் கம்மியான ஒரு குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தறவர்) எதுக்குன்னு கேட்டாங்க. அந்த குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன். அதே டிராஃப்ட்ல 47ஆவதா வந்தவரு பாபி வாக்னர். ரெண்டாவது சீசன் முடியறப்ப லீக் ஃபைனலான சூப்பர் பௌல் கோப்பை அவங்க கையில.

அதுக்காக டிராஃப்ட் அன்னைக்கு எதுவுமே சொல்ல முடியாதுன்னு அர்த்தம் இல்ல. சொல்லலாம், ஆனா என்ன சொல்றோம்னு தெளிவா இருக்கணும். நான் பல வருஷமா ஒரு நோட்டு வெச்சிருக்கேன், ஒவ்வொரு பிக்குக்கும் ரெண்டு பக்கம். ஒரு பக்கத்துல டீம் எடுத்த முடிவு சரியான்னு எழுதுவேன், இதை டிராஃப்ட் முடிஞ்ச அதே வாரம் எழுதி மூடிடணும், அப்புறம் திருத்தக்கூடாது. எதிர் பக்கம் காலியா இருக்கும், அது அந்தப் பையன் எப்டி வந்தான்ங்கறதுக்கு, மூணு வருஷம் கழிச்சுதான் நிரம்பும். இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதாலதான் நம்ம ஃபேன்ஸ் பாதி சண்டை போடறோம்னு நினைக்கறேன். நல்ல முடிவு எடுத்தும் ஆளு முட்டி உடைஞ்சு போகலாம், மட்டமான முடிவு எடுத்தும் ஆளு ஜெயிச்சு வரலாம்.

முதல் பக்கத்துக்கு வருவோம். மொதல்ல பாக்க வேண்டியது விலை. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்க காசைக் காட்டி ஆளைத் தூக்க முடியாது, இங்க பிக்தான் காசு. ஏழு ரவுண்டு, போன சீசன்ல மோசமா ஆடின டீம் முதல்ல எடுக்கும், சூப்பர் பௌல் ஜெயிச்ச டீம் கடைசியில. ஃப்ரீ ஏஜென்சில (கான்ட்ராக்ட் முடிஞ்சவங்க வேற டீமுக்கு போறது) ஆளை இழந்த டீமுக்கு ஈடா சில பிக் மூணாவது ரவுண்டுலேர்ந்து ஒவ்வொரு ரவுண்டு கடைசியிலயும் சேரும், அதனால மொத்தம் 224ஐ தாண்டிப் போகும், 2025ல 257 பிக். இந்த பிக்கை டீமுங்க ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கலாம், அடுத்த வருஷத்து பிக்கைக் கூட இன்னைக்கே கொடுத்துடலாம். அந்த மாத்தலுக்கு ஒரு கணக்கு வேணும்னு 1990கள் ஆரம்பத்துல டல்லஸ் கௌபாய்ஸ்ல ஜிம்மி ஜான்சன் கோச்சா இருந்தப்ப ஒரு சார்ட் போட்டாங்க, முதல் பிக் 3000 பாயின்ட், 16ஆவது பிக் 1000, 32ஆவது 590. இன்னைக்கு ஒவ்வொரு டீமும் சொந்தமா சார்ட் வெச்சிருக்கும், புதுசா வந்த சார்ட்ல மேல இருக்கற பிக்குக்கு இவ்ளோ விலை இல்ல, இருந்தாலும் பழசை கையில வெச்சுக்கங்க, உங்க டீம் ட்ரேட் பண்ணி மேல போனா எவ்ளோ கொட்டிக் கொடுத்தாங்கன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ட்ரேட் பண்ணி எடுத்த ஆளை எடை போடறப்ப அந்த ஆளை மட்டும் பாக்காதீங்க, அவருக்காக கொடுத்த எல்லாத்தையும் தராசோட இன்னொரு தட்டுல வைங்க. 2023ல கரோலினா பேந்தர்ஸ் பிரைஸ் யங்குக்காக முதல் பிக்கை சிகாகோ பேர்ஸ் கிட்டேர்ந்து வாங்கினாங்க. கொடுத்தது 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 ரெண்டாவது ரவுண்டு, அதுக்கு மேல டிஜே மூர்னு டீமோட பெஸ்ட் ரிசீவர். புது குவாட்டர்பேக் யாருக்கு பந்து போடணுமோ அந்த ஆளையே கொடுத்துட்டாங்க! அந்த சீசன் பேந்தர்ஸ் 2 மேட்ச் ஜெயிச்சு 15 தோத்தாங்க, அதனால கொடுத்த 2024 பிக் முதல் பிக்காவே மாறி பேர்ஸ் அதை வெச்சு கேலப் வில்லியம்ஸை எடுத்தாங்க. யங் நாளைக்கு எவ்ளோ நல்லா ஆடினாலும் அந்த வாரத்து முடிவுக்கு என் நோட்டுல கிரேடு கீழதான்.

எதிர் உதாரணமும் இருக்கு. 2017ல கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 27லேர்ந்து 10க்கு ஏறினாங்க, 27, 91, அடுத்த வருஷ முதல் ரவுண்டு மூணையும் பஃபலோ பில்ஸுக்கு கொடுத்தாங்க. விலை அதிகம்தான், ஆனா அலெக்ஸ் ஸ்மித்னு ஒரு நம்பகமான குவாட்டர்பேக் ஏற்கெனவே இருந்தாரு, டீம் ஜெயிச்சுட்டு இருந்தது, பையனை ஒரு வருஷம் உக்கார வெச்சு சொல்லிக்கொடுக்க கோச் ஆண்டி ரீட் இருந்தாரு. அந்தப் பையன் பேட்ரிக் மஹோம்ஸ். முதல் வருஷம் ஒரே ஒரு மேட்ச்தான் ஸ்டார்ட் பண்ணாரு, அடுத்த வருஷம் 50 டச்டவுன் (பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு சேக்கறது), எம்விபி, அதாவது சீசனோட பெஸ்ட் ஆட்டக்காரர் விருது. அவருக்கு முன்னாடி அதே டிராஃப்ட்ல சிகாகோ 3லேர்ந்து 2க்கு ஒரே ஒரு படி ஏற மூணு பிக்கை கூடுதலா கொடுத்து மிட்ச் ட்ரூபிஸ்கிங்கற குவாட்டர்பேக்கை எடுத்தாங்க. மேல ஏறினது ரெண்டு டீமும்தான், ஆனா சீஃப்ஸ் வீட்டைத் தயாரா வெச்சுட்டு ஏறினாங்க.

ட்ரேட் இல்லாம எடுத்தாலும் விலை உண்டு, அது ரவுண்டு. கிக்கரை, அதாவது பந்தை உதைக்க மட்டும் வர்றவரை, ரெண்டாவது ரவுண்டுல எடுத்தா அந்த கிக்கர் நல்ல கிக்கரா இருந்தா மட்டும் போதாது. 2016ல டாம்பா பே பக்கனீர்ஸ் ராபர்டோ அகுவாயோவுக்காக ட்ரேட் பண்ணி 59ஆவது பிக்குக்கு ஏறினாங்க, ஒரே சீசன், அடுத்த ஆகஸ்ட்ல ரிலீஸ் பண்ணிட்டாங்க. அவர் சரியா அடிக்கலங்கறது ரெண்டாவது பக்கத்து விஷயம். நல்ல கிக்கருங்க பல பேரு டிராஃப்ட்லயே வராம சும்மா கெடைக்கறப்ப அந்த இடத்துல கிக்கர் எதுக்குங்கறது முதல் பக்கத்து விஷயம், அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

சம்பளத்தையும் ஒரு பார்வை பாருங்க. 2010ல முதல் பிக்கா வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருஷ கான்ட்ராக்ட், 7.8 கோடி டாலர், அதுல 5 கோடி கேரன்டி. அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் வந்து புது பசங்க சம்பளத்துக்கு கடிவாளம் போட்டாங்க, 2011 முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு 2.2 கோடிதான். அதுலேர்ந்து எல்லா டிராஃப்ட் பிக்குக்கும் நாலு வருஷ கான்ட்ராக்ட், எந்த இடத்துல எடுக்கறாங்களோ அதை வெச்சு சம்பளம் ஏறக்குறைய முடிவாயிடும். இதோட அர்த்தம் என்னன்னா, வெளியில வாங்கினா ரொம்ப காஸ்ட்லியான பொசிஷன்ல ஒரு பையன் தேறிட்டா டீமுக்கு அடிக்கறது பெரிய லாபம். குவாட்டர்பேக், அவரை காக்கற லெஃப்ட் டேக்கிள், ஓரத்துலேர்ந்து அவர் மேல பாயற எட்ஜ் ரஷர், பாஸைப் பிடிக்கற வைட் ரிசீவர், அந்த ரிசீவரை தடுக்கற கார்னர்பேக், இதெல்லாம் அப்டி. பிராக் பர்டி 2022ல 262ஆவது, அதாவது கடைசி பிக். 2023 சீசன்ல ஃபார்ட்டிநைனர்ஸை சூப்பர் பௌலுக்கு கூட்டிட்டு போனப்ப அவர் சம்பளம் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் கூட இல்ல, மிச்சமான காசுல டீம் மத்த இடத்தையெல்லாம் நிரப்பியிருந்தது. அதனால ரன்னிங் பேக்கை, அதாவது பந்தைத் தூக்கிட்டு ஓடறவரை, டாப் 10ல எடுக்கறப்ப நான் ரெண்டு தடவை யோசிப்பேன், ஆளு எவ்ளோ அழகா ஓடினாலும் சரி.

அடுத்தது, நீங்களே கண்ணால பாருங்க. ரெண்டு நிமிஷ ஹைலைட்ஸ் வீடியோ வேணாம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது இந்த விஷயத்துல செல்லாது, ஏன்னா ஹைலைட்ஸ் போடறவங்க நல்லா வெந்த சோத்தை மட்டும் பொறுக்கிதான் தட்டுல வைக்கறாங்க. அந்தப் பையனோட கடைசி காலேஜ் சீசன்லேர்ந்து மூணு முழு மேட்ச் எடுத்துக்கங்க. ஒண்ணு பெரிய டீமுக்கு எதிரா ஆடினது, ஒண்ணு அவன் சொதப்பினது, ஒண்ணு சாதாரணமானது. பந்து எங்க போகுதுன்னு பாக்காம அவனை மட்டும் பாருங்க, முதல்ல கஷ்டமா இருக்கும், பழகிடும்.

என்ன பாக்கணும்ங்கறது பொசிஷனுக்கு பொசிஷன் மாறும். ஆஃபென்சிவ் லைன்மேன்னா (குவாட்டர்பேக்குக்கு முன்னாடி நின்னு காக்கறவன்) கால், கால், கால்தான். எதிராளி உள்ள வெளியன்னு ஏமாத்தறப்ப கால் நகருதா இல்ல இடுப்பை வளைச்சு சாயறானா, சாயறவன் என்எஃப்எல்ல தரையிலதான் கெடப்பான். எட்ஜ் ரஷர்னா சாக் (குவாட்டர்பேக்கை பந்தோட கீழ சாய்க்கறது) எண்ணிக்கையை நம்பாதீங்க, குவாட்டர்பேக் பந்தை வெச்சுட்டு தூங்கினா யாருக்கு வேணா சாக் விழும், எத்தனை தடவை டேக்கிளை தாண்டி உள்ள வந்து அவசரப்படுத்தறான்னு எண்ணுங்க, முதல் மூவ் வேலை செய்யலன்னா ரெண்டாவது மூவ் இருக்கான்னு பாருங்க. கார்னர்பேக்கை டிவி ஒளிபரப்புல எடை போடறது கஷ்டம், பந்து கெளம்பறதுக்குள்ள ஆளு ஃப்ரேமை விட்டுப் போயிடுவான், திரும்ப கேமரா வர்றப்ப எங்க நிக்கறான்னு மட்டும்தான் தெரியும். குவாட்டர்பேக்கை பாக்கறப்ப மூணாவது டவுன் (10 கெஜம் முன்னேற கெடைக்கற நாலு வாய்ப்புல மூணாவது), 8 கெஜத்துக்கு மேல வேணும், எதிர்ல பிளிட்ஸ் வருது, அதாவது கூடுதல் ஆளுங்க பாய்ஞ்சு வர்றாங்க, அந்த ப்ளேக்களை மட்டும் தனியா பொறுக்கி எடுத்து பாருங்க. முதல் ரிசீவர் அடைபட்டா கண்ணு அடுத்தவங்கிட்ட போகுதா, இல்ல உடனே ஓட ஆரம்பிக்கறானா? காலேஜ்ல ஓடி தப்பிச்சுடலாம், இங்க எதிர்ல வர்றவன் 120 கிலோ, அவனும் அதே வேகத்துல ஓடுவான்.

சின்ன காலேஜ்லேர்ந்து வந்த பையன்னா எதிராளி தரம் என்னங்கற கேள்வி வரும். அதுக்கு அலபாமாவுல மொபைல்ங்கற ஊர்ல நடக்கற சீனியர் பௌல்ங்கற காலேஜ் ஆல் ஸ்டார் மேட்ச்சோட பிராக்டிஸ் வீடியோ தேடுங்க, பெரிய காலேஜ் பசங்களோட ஒண்டிக்கு ஒண்டி மோதறது அதுல இருக்கும். ஆனா சின்ன காலேஜ்ங்கறதுக்காக மட்டும் மார்க்கை வெட்டிடாதீங்க, ரிசீவர் கூப்பர் கப் ஈஸ்டர்ன் வாஷிங்டன் காலேஜ்லேர்ந்து 69ஆவதா வந்தவரு, 2021ல கேட்ச், யார்டு, டச்டவுன் மூணுலயும் லீக்லயே முதல்.

இப்ப நம்பருக்கு வருவோம். இண்டியானாபொலிஸ்ல பிப்ரவரி கடைசியில கம்பைன்ங்கற உடல்திறன் டெஸ்ட் நடக்கும், 40 கெஜ ஓட்டம், தாவறது, 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ் எல்லாம். இந்த நம்பரை ஒரு சல்லடை மாதிரி வெச்சுக்கங்க, அதுக்கு மேல மரியாதை தராதீங்க. ரிசீவர் ஜான் ராஸ் 2017ல 40 கெஜத்தை 4.22 செகண்டுல ஓடி அப்ப ரெக்கார்டு போட்டாரு, சின்சினாட்டி பெங்கால்ஸ் 9ஆவதா எடுத்தாங்க, முதல் சீசன்ல ஒரு கேட்ச் கூட இல்ல. ஆன்குவான் போல்டின் 4.7 செகண்டு எடுத்துக்கிட்டாரு, ரிசீவருக்கு அது ஆமை வேகம், 2003ல 54ஆவதா வந்து முதல் சீசன்லயே 101 கேட்ச். குவாட்டர்பேக் டாம் பிரேடி 5.28 செகண்டுல ஓடி 199ஆவதா போய், அப்புறம் ஜாம்பவானா ஆன கதை எல்லாருக்கும் தெரியும். 2018ல ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர்ங்கற டேக்கிள் 5.85ல ஓடி, பெஞ்ச்ல 14 தடவைதான் தூக்கி, அத்தனை பேரும் கை விட்டப்ப பால்டிமோர் ரேவன்ஸ் 83ஆவதா எடுத்தாங்க, பல தடவை ப்ரோ பௌல் (லீக்கோட ஆல் ஸ்டார் தேர்வு) போனாரு. கம்பைனோட உண்மையான உபயோகம் என்னன்னா, ஒரே பொசிஷன்ல ரெண்டு பேரு வீடியோவுல ஒண்ணா தெரியறப்ப பிரிச்சு பாக்கறதுக்கும், வீடியோவுல பாத்ததுக்கும் நம்பருக்கும் ஒத்து வரலன்னா திரும்பப் போய் வீடியோவை பாக்கறதுக்கும்.

வயசு, காயம் ரெண்டும் எல்லாரும் தாண்டிப் போற விஷயம். 21 வயசுல 18 வயசு பசங்களை அடிக்கறதும் 24 வயசுல அடிக்கறதும் ஒண்ணு இல்ல. 2012ல கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 22ஆவதா எடுத்த பிராண்டன் வீடனுக்கு வயசு 28, பேஸ்பால் ஆடிட்டு லேட்டா வந்தவரு, வளர்றதுக்கு அவர்கிட்ட நேரமே இல்ல. காயத்துல முட்டி ஆபரேஷன் ஒரு தடவை நடந்திருந்தா நான் பெரிசா பயப்படறதில்ல, அதே தசை வருஷா வருஷம் கிழிஞ்சா பயப்படுவேன்.

சரி, முதல் பக்கத்துல கடைசியா ஒண்ணு எழுதணும், என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் ரொம்ப முக்கியம்: இந்தப் பையனை வெச்சு டீம் என்ன பண்ணப் போகுது? ஒரே ஆளு ஒரு இடத்துல ஸ்டாரா இருப்பான், இன்னொரு இடத்துல பெஞ்சை தேய்ப்பான். ரிசீவரை லைன்லயே மறிச்சு கையால தள்ளி ஆடற கார்னரை, தள்ளி நின்னு ஜோன் ஆடற (ஆளை விட்டு இடத்தைக் காக்கற) டிஃபென்ஸுக்கு எடுத்தா அவனோட பலமே வீணாப் போகும். நடுவுல இடத்தை அடைச்சுக்கிட்டு பெருசா நிக்கற நோஸ் டேக்கிளை, உள்ள பாய்ஞ்சு ஓடணும்னு கேக்கற டீம் எடுத்தா அதே கதி. குவாட்டர்பேக்னா முன்னாடி நிக்கற அஞ்சு பேரை பாருங்க. ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2002ல புதுசா ஆரம்பிச்ச டீம், முதல் பிக்ல டேவிட் காரை எடுத்து முதல் நாள்லேர்ந்தே ஆட விட்டாங்க, அந்த ஒரு சீசன்ல 76 சாக் வாங்கினாரு. எழுபத்தாறு. அந்த நம்பரை பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும், அதுக்கப்புறம் அந்த மனுஷனை நல்ல குவாட்டர்பேக்கா இல்லையான்னு எடை போட என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க. அதனால கோச் யாரு, போன வருஷம் என்ன ஸ்கீம் ஆடினாங்க, அந்த பொசிஷன்ல ஏற்கெனவே யாரு இருக்காங்க, கான்ட்ராக்ட் எப்ப முடியுது, இதையெல்லாம் எழுதிட்டு கீழ ஒரே வரியில உங்க எதிர்பார்ப்பை எழுதுங்க. முதல் வருஷம் ஸ்டார்ட் பண்ணணுமா, மாத்து ஆளா வந்து போகணுமா, ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கற ப்ளேக்கு மட்டும் இறங்கற செட்) மட்டுமா. தேதி போட்டு மூடிடுங்க.

கோடைல ஓடிஏ, மினிகேம்ப்னு பிராக்டிஸ் எல்லாம் நடக்கும், பேட் (உடம்புக்கான கவசம்) போடாம ஆடறதை வெச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க, எல்லா பையனும் ஜூன் மாசத்துல சூப்பர்தான். ட்ரெய்னிங் கேம்ப்ல பேட் போட்ட பிறகு எந்த செட்டோட நிக்க வைக்கறாங்கன்னு பாருங்க, முதல் செட்டா மூணாவது செட்டா, அந்த ஒரு தகவல் பத்து புகழ்ச்சிக்கு சமம். ப்ரீசீசன்ல மூணு மேட்ச்தான், அதுல ஒருத்தன் நாலாவது குவாட்டர்ல ரெண்டு சாக் அடிச்சான்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி எதிர்ல நின்னவன் யாருன்னு பாருங்க, ஆகஸ்ட் கடைசியில 90 பேரை 53ஆ வெட்டறப்ப அவன் வீட்டுக்குப் போயிருப்பான். அஞ்சாவது, ஆறாவது ரவுண்டு பசங்க டீம்ல நிக்கறது பன்ட், கிக்ஆஃப் டீம்ல ஓடறதாலதான், அவங்களை அதுல தேடுங்க.

சீசன் ஆரம்பிச்சதும் ஸ்டாட்ஸை விட ஸ்நாப் எண்ணிக்கை (எத்தனை ப்ளேல களத்துல இருந்தான்ங்கறது) பாருங்க. செப்டம்பர்ல 15, அக்டோபர்ல 30, டிசம்பர்ல 50ன்னு ஏறிட்டே போனா கோச்சுக்கு நம்பிக்கை வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். ஏறி இறங்கினா எங்கயோ சிக்கல், காயம் இல்லன்னா இன்னும் பெரிய சிக்கல்.

பொறுமை எவ்ளோ வேணும்ங்கறதும் பொசிஷனைப் பொறுத்தது. ரன்னிங் பேக் முதல் வருஷமே காட்டிடுவான். டைட் எண்டுக்கு பிளாக்கிங்கும் (எதிராளியை மறிக்கறது) கத்துக்கணும் ரூட்டும் (பாஸைப் பிடிக்க ஓடற பாதை) கத்துக்கணும், டைம் எடுக்கும், டிராவிஸ் கெல்சி 63ஆவதா வந்து முதல் சீசன் முட்டி ஆபரேஷன்ல போச்சு, ஒரு கேட்ச் கூட இல்ல, அடுத்த வருஷம் 862 கெஜம். ரிசீவர்ல டேவான்டே ஆடம்ஸ் ரெண்டாவது வருஷம் ஒரே ஒரு டச்டவுன், பந்தை வேற நழுவ விட்டுட்டு இருந்தாரு, கிரீன் பே ஃபேன்ஸ் பல பேரு ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாச்சு. மூணாவது வருஷம் 12 டச்டவுன். குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் முதல் வருஷம் பாஸ்ல 52.8 சதவீதம்தான் போய் சேர்ந்தது, ரெண்டாவது வருஷம் 58.8, மூணாவது வருஷம் 69.2. கவனிங்க, ரெண்டாவது வருஷமே ஏறிட்டான். நான் தேடறது இதைத்தான், உச்சத்துக்கு வரணும்னு இல்ல, போன வருஷம் பண்ணின அதே தப்பை இந்த வருஷமும் பண்றானாங்கறதுதான் கேள்வி.

டிராஃப்ட்ல பேரே வராம அப்புறமா டீம் சேத்துக்கற பசங்களையும் நோட்டுல விடாதீங்க. கர்ட் வார்னர், அன்டோனியோ கேட்ஸ் ரெண்டு பேரும் அப்டி வந்து ஹால் ஆஃப் ஃபேம் போனவங்க, மால்கம் பட்லர் அப்டி வந்து அதே சீசன்ல சூப்பர் பௌலை ஒரு இன்டர்செப்ஷன்ல (எதிராளி பாஸை நடுவுல பிடிக்கறது) காப்பாத்தினவரு.

மூணாவது சீசன் முடிஞ்சதும் ரெண்டாவது பக்கத்தை எழுதலாம். முதல் ரவுண்டு பசங்களுக்கு அப்ப டீமே ஒரு கிரேடு கொடுத்தாகணும், மே மாச ஆரம்பத்துக்குள்ள கான்ட்ராக்டை ஒரு வருஷம் நீட்டற அஞ்சாவது வருஷ ஆப்ஷனை எடுக்கணுமா விடணுமான்னு, எடுத்தா முழு சம்பளமும் கேரன்டி. வாயில ஆயிரம் புகழ்ந்தாலும் ஆப்ஷனை விட்டாங்கன்னா மனசுல என்ன இருக்குன்னு புரிஞ்சுடும். ஆனா அதையும் கண்ணை மூடிட்டு ஏத்துக்காதீங்க, டீமும் தப்பா கிரேடு போடும். 2019ல 6ஆவதா எடுத்த குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸோட ஆப்ஷனை நியூயார்க் ஜயன்ட்ஸ் 2022ல விட்டுட்டாங்க, அந்த சீசன் அவர் பிளேஆஃப் வரைக்கும் கூட்டிட்டு போனாரு, 2023 மார்ச்ல நாலு வருஷத்துக்கு 16 கோடி டாலர் கொடுத்து வெச்சுக்கிட்டாங்க, 2024 நவம்பர்ல ரிலீஸ். ஒரே ஆளு விஷயத்துல ரெண்டு தடவை கணக்கு மாறிப் போச்சு. இந்த மாதிரி ஆளுக்கு என் நோட்டுல ரெண்டாவது பக்கம் பத்தாம ஒரு துண்டு பேப்பரை ஒட்டி வெச்சிருக்கேன், நீங்களும் எதிர் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டே எழுதுங்க.